கேச் வேறு, அனுப்பாத பதிவு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான, கைப்பேசிச் செயலிகள் மெதுவாகும்போதும் உறைந்து நிற்கும்போதும் செய்ய வேண்டியவை பற்றிய குறிப்பைப் படித்தேன். எளிய நடையில், பயனுள்ளதாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஒரு வரி உறுத்தியது. முதலில் 'கிளியர் கேச்' அழுத்துங்கள், சரியாகவில்லை என்றால் 'கிளியர் ஸ்டோரேஜ்' அழுத்துங்கள், இரண்டிலும் அழிவது சர்வரிலிருந்து வந்த தற்காலிக நகல்கள்தான், இணையம் வந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. முதல் பொத்தானைப் பொறுத்தவரை இது சரி. இரண்டாவதைப் பொறுத்தவரை தவறு. அந்தத் தவறால் ஒருவர் நாள்கணக்கில் பதிந்து வைத்ததை ஒரே தொடுதலில் இழக்க நேரிடலாம். கைப்பேசிச் செயலிகள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால், இதைச் சற்று விரிவாகவே விளக்க இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பை எழுதியவரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அந்த எண்ணத்தைப் பரப்பியதில் என்னைப் போன்றவர்களுக்குத்தான் முதல் பங்கு.

ஒரு செயலியைத் திறந்ததும் திரையில் தெரியும் பட்டியல் பெரும்பாலும் அந்தச் செயலிக்குள் இருப்பதில்லை. செயலி எங்கோ இருக்கும் சர்வரிடம், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏபிஐ என்ற வாயில் வழியாகக் கேட்கிறது. சர்வர் ஜேசான் என்ற எழுத்து வடிவில் பதில் அனுப்புகிறது. செயலி அதைப் பிரித்துத் திரையில் அடுக்குகிறது. லிஃப்டிலோ சுரங்கப்பாதையிலோ தரைக்குக் கீழுள்ள வண்டி நிறுத்துமிடத்திலோ இந்தப் போக்குவரத்து அறுந்துபோகிறது. முழுக்க அறுந்துபோனாலாவது பரவாயில்லை. சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் ஒரு பைட்கூட வந்து சேராத நிலைதான் இன்னும் மோசமானது, ஏனெனில் அப்போது செயலி தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். இதைச் சமாளிக்கத்தான் ஒருமுறை வந்த தரவின் நகலைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்கிறோம்.

அந்த நகலை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இரண்டு பொத்தான்களின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனியாக ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. அதனுள் கேச்சுக்கு ஒரு கோப்புறை, தரவுத்தளங்களுக்கு ஒன்று, அமைப்புகளுக்கு ஒன்று எனப் பிரிவுகள் உண்டு. இடம் போதாமல் போனால், கேச் கோப்புறையில் உள்ளவற்றை இயங்குதளமே யாரையும் கேட்காமல் அழிக்கலாம். 'கிளியர் கேச்' அழிப்பதும் அவ்வகைக் கோப்புகளைத்தான். 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பதோ தரவுத்தளம், உள்நுழைவு, அமைப்புகள் என அனைத்தையும் துடைத்து, செயலியை அன்றைக்குத்தான் நிறுவியது போன்ற நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஐஃபோனில் இப்படிப் பொதுவான பொத்தான்கள் இல்லை என்றாலும் பாகுபாடு ஒன்றுதான்: 'கேச்சஸ்' கோப்புறையை ஐஓஎஸ் தானே காலி செய்யலாம், 'அப்ளிகேஷன் சப்போர்ட்' கோப்புறையை அப்படிச் செய்யாது, செயலியையே நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் இரண்டும் போய்விடும். ஆக, எது திரும்பி வரும், எது வராது என்பது டெவலப்பர் எதை எந்த அறையில் வைத்தார் என்பதைப் பொறுத்தது. பயனருக்கு அது தெரிய வழியே இல்லை.

கேச் என்ற எண்ணம் இணையத்தில் பழையது. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையிலேயே அதற்கான விதிகள் உண்டு. இப்போது நடப்பிலுள்ள வடிவம் 2022-இல் வெளியான ஆர்எஃப்சி 9111 என்ற இணையத் தர ஆவணம். இந்தப் பதில் இத்தனை விநாடிக்குச் செல்லும் என்று சர்வர் 'கேச்-கன்ட்ரோல்' என்ற தலைப்பு வரியில் சொல்லி அனுப்புகிறது. கூடவே 'ஈடேக்' என்ற அடையாளச் சீட்டையும் ஒட்டி அனுப்பலாம். கெடு முடிந்த பிறகு செயலி அந்தச் சீட்டைக் காட்டி, இது மாறிவிட்டதா என்று கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் உள்ளடக்கத்தை மறுபடி அனுப்பாமல் 304 என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்ளும். பழையதை உடனே காட்டிவிட்டுப் புதியதைப் பின்னணியில் வாங்கிக்கொள்ளும் முறைகூட 2010-இல் ஆர்எஃப்சி 5861-இலேயே எழுதப்பட்டுவிட்டது. டேட்டாவை மிச்சப்படுத்த இவை அருமையான ஏற்பாடுகள். ஆனால் இவை காத்து வைக்கும் நகல் ஒட்டிய உறையைப் போன்றது. எந்த முகவரியில் கேட்டோமோ அந்த முகவரியின் பேரில் உறை அடுக்கப்படுகிறது; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது கேச்சுக்குத் தெரியாது.

அதனால் வரும் கோளாறு ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். பணிப் பட்டியல் செயலி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 417 என்ற எண்ணுள்ள பணி, மாடிப்படி விளக்கை மாற்றுவது. முதல் திரை எல்லாப் பணிகளின் பட்டியலையும் ஒரு முகவரியிலிருந்து வாங்குகிறது. பணியைத் தொட்டால் திறக்கும் விவரத் திரைக்கு இன்னொரு முகவரி. தேடல் திரைக்கு மூன்றாவது. ஒரே பணிக்கு மூன்று உறைகளில் மூன்று நகல்கள். விவரத் திரையில் 'முடிந்தது' என்று குறித்துவிட்டுத் திரும்பி வந்தால், பட்டியலில் அது முடியாததாகவே நிற்கிறது. தொட்டது பதியவில்லை போலும் என்று பயனர் பட்டியலிலேயே மறுபடி தொடுகிறார். சில செயலிகளில் அந்த இரண்டாவது தொடுதல் முதல் தொடுதலையே ரத்து செய்துவிடும். இதற்கு எங்கள் தொழிலில் வழக்கமாகச் செய்யும் கைவைத்தியம், திரும்பி வந்ததும் பட்டியலைச் சர்வரிடமிருந்து மறுபடி வாங்குவதுதான். இணையம் இருக்கும்வரை இது ஒப்பேறும். இல்லாதபோது, சற்றுமுன் தன்னிடம் சொன்னதையே மறந்துபோன செயலிதான் கையில் இருக்கும்.

உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை வரிவரியாக எழுதி வைப்பதே இதற்கு வழி. அதற்கான கருவிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்க்யூலைட், தனியாகச் சர்வர் எதுவும் இல்லாமல் முழுத் தரவுத்தளத்தையும் ஒரே கோப்புக்குள் வைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் அது இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. 417 என்ற பணி எத்தனை பதில்களில் வந்தாலும் அங்கே அதற்கு ஒரே வரிதான்; மூன்று திரைகளும் அந்த ஒரே வரியைத்தான் பார்க்கின்றன. கிராஃப்க்யூஎல் என்ற வினவல் மொழியைப் பயன்படுத்துகிறவர்கள் அறிந்த அப்போலோ என்ற கருவியின் கேச்சும், வகைப் பெயரையும் அடையாள எண்ணையும் சேர்த்துச் சாவியாக்கி இதே காரியத்தைத்தான் செய்கிறது.

மேலே 'பார்க்கின்றன' என்றுதான் எழுதினேன், 'கேட்கின்றன' என்று எழுதவில்லை. எங்கள் தொழிலில் 'ரியாக்டிவ்' என்று அடிக்கடி சொல்வது இதைத்தான். பழைய முறையில் திரை ஒருமுறை கேட்கும், வந்ததைக் காட்டும், அத்தோடு நின்றுவிடும். பிறகு அடியில் தரவு மாறினாலும் அதற்குத் தெரியாது. ரியாக்டிவ் முறையில் திரை தன் கேள்வியைக் கொடுத்துவிட்டு அதன் விடைக்குச் சந்தா கட்டிக்கொள்கிறது. விடை மாறும் ஒவ்வொரு முறையும் புதிய விடை தானாக வந்து சேரும். கூகுள் 2017-இல் ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்த ரூம் என்ற நிரல் நூலகம், அட்டவணைகளில் டிரிகர் என்ற, மாற்றம் நேர்ந்தால் தானே இயங்கும் கட்டளையை வைத்து, எந்த அட்டவணையில் எழுதப்பட்டது என்று குறித்துக்கொண்டு, அந்த அட்டவணையைத் தொடும் கேள்விகளை மறுபடி ஓட்டுகிறது. அது கவனிப்பது அட்டவணையைத்தான், வரியை அல்ல. சம்பந்தமே இல்லாத ஒரு வரி மாறினாலும் கேள்வி மீண்டும் ஓடி அதே விடை மீண்டும் வரும். முந்தைய விடையோடு ஒப்பிட்டு, வேறுபாடு இல்லாவிட்டால் விழுங்கிவிடும் வேலையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் இப்படி ஒரு பட்டியலை எழுதியபோது, சர்வரிடமிருந்து புதிய தரவு வந்ததும் பழைய வரிகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதியவற்றை எழுதினேன். இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரே கட்டுக்குள், வைக்கவில்லை. திரை சந்தாதாரர் அல்லவா, நடுவில் அட்டவணை காலியாக இருந்த அந்த நொடிப்பொழுதையும் அது உண்மையாகவே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சிங்க்கின்போதும், அதாவது சர்வரோடு ஒத்திசையும்போதும், பட்டியல் வெறுமையாகிக் கண்சிமிட்டும். படித்துக்கொண்டிருந்தவர் உச்சிக்குத் தள்ளப்படுவார். அழிப்பதை விட்டுவிட்டு 'ரிப்ளேஸ்' கட்டளைக்கு மாறினேன். அது இன்னும் தந்திரமானது: எஸ்க்யூலைட்டில் 'ரிப்ளேஸ்' என்பது பழைய வரியை நீக்கிவிட்டுப் புதிய வரியைச் சேர்ப்பதுதான், ஆகவே பணியோடு பிணைத்திருந்த குறிப்புகள், தாய்வரி நீக்கப்பட்டால் சேய்வரியும் போகும் என்ற விதிப்படி சத்தமில்லாமல் போய்விட்டன. இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்ற 'அப்சர்ட்' வசதி எஸ்க்யூலைட்டுக்கு 2018-இல்தான் வந்தது. இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலிருந்தே தொடங்குவது நல்லது.

இந்த அமைப்பில் போக்குவரத்து ஒருவழிப் பாதை. சர்வரிலிருந்து வருவது நேரே திரைக்குப் போகாது, தரவுத்தளத்தில் எழுதப்படும். திரை தரவுத்தளத்தை மட்டுமே பார்க்கும். அப்படிச் செய்துவிட்டால் 'ஆஃப்லைன்' என்று தனியாக ஒரு நிலையே செயலிக்குத் தேவையில்லை. இணையம் இருக்கும்போது தரவுத்தளம் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது, இல்லாதபோது புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. நேற்று காட்டிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே, இணைய இணைப்பு இல்லை என்று வெற்றுத் திரையைக் காட்டும் செயலிகளை என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஆனால் பழையதைக் காட்டும்போது அது பழையது என்று சொல்லியாக வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற ஒரு சிறு வரி போதும். நாடுகளின் பெயர்ப்பட்டியல் ஒரு மாதம் பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை, கணக்கிலுள்ள இருப்புத் தொகை பத்து நிமிடம் பழையதாக இருந்தால்கூட அதை நம்பி ஒருவர் தவறான முடிவெடுக்கலாம். எனவே கெடுவை எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைப்பதும் தவறு. இன்னொன்று, பயனர் தன் கைப்பேசிக் கடிகாரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், எது புதியது என்று தீர்மானிக்க அந்தக் கடிகாரத்தை நம்பாமல் சர்வர் தரும் பதிப்பு எண்ணையோ ஈடேக்கையோ நம்ப வேண்டும்.

நீக்கப்பட்டவை பற்றியும் ஒரு வார்த்தை. சர்வர் தான் வைத்திருப்பவற்றை மட்டும் அனுப்பினால், பக்கம் பக்கமாக வாங்கும் செயலிக்கு எது நீக்கப்பட்டது, எது இன்னும் வந்து சேராத பக்கத்தில் இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. இன்ன எண் நீக்கப்பட்டது என்று சர்வரே சிறிது காலத்துக்கு ஒரு தடயத்தை வைத்திருந்து அனுப்ப வேண்டும். ஏபிஐ எழுதுகிறவர்கள் முதல் நாளே யோசிக்க வேண்டிய இதைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சர்வரிலிருந்து வந்த நகல்கள். இவை முழுதாக அழிந்தாலும் கேடில்லை; தங்கள் குறிப்பில் சொன்னது இவற்றுக்கு அப்படியே பொருந்தும். சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. பயனர் இணையம் இல்லாத இடத்தில் இருந்தபடியே ஒரு பணியை முடித்ததாகக் குறிக்கிறார், ஒரு படிவத்தை நிரப்புகிறார், ஒரு படத்தை இணைக்கிறார். நல்ல செயலி அவரைக் காக்க வைக்காது. தரவுத்தளத்தில் உடனே எழுதிக்கொள்ளும், திரையும் உடனே மாறிவிடும், அனுப்ப வேண்டியவை ஒரு வரிசையில் காத்திருக்கும். அந்தக் கணத்தில் அந்தப் பதிவு உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அந்தக் கைப்பேசியில். அது எதற்கும் நகல் அல்ல. மூலமே அதுதான். 'கிளியர் ஸ்டோரேஜ்' அழுத்தினால் அதைத் திருப்பித் தர எந்தச் சர்வராலும் முடியாது.

அந்த வரிசையை நடத்துவதில் நுணுக்கங்கள் உண்டு. செயலி பதிவை அனுப்பியது, சர்வரும் எழுதிக்கொண்டது, ஆனால் சர்வரின் பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்தது என்று கொள்வோம். செயலியின் பார்வையில் இது தோல்வி; மறுபடி அனுப்பும்; சர்வரில் இரண்டு பதிவுகள் விழும். இதைத் தடுக்க, ஒவ்வொரு பதிவுக்கும் கைப்பேசியிலேயே ஓர் அடையாளம், வழக்கமாக 128 பிட் நீளமுள்ள யூயூஐடி, உருவாக்கி அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஏற்கெனவே பார்த்த அடையாளம் மீண்டும் வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே தர வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய யூயூஐடி உருவாக்கும் நிரல்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு அடையாளமே இல்லாமல் இருந்திருக்கலாம். உருவாக்கிய பதிவு போய்ச் சேரும் முன் அதன் திருத்தம் போகக் கூடாது என்பதால் வரிசை குலையவும் கூடாது. ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளை நடத்தும் ஒர்க்மேனேஜர், நாம் வேறு சொல்லாவிட்டால், தோற்ற வேலையை 30 விநாடி கழித்து மறுபடி முயன்று, பிறகு இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். உச்சவரம்பு 5 மணி நேரம். ஐஓஎஸ்ஸில் பின்னணி வேலைக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்பது இயங்குதளத்தின் விருப்பம். ஆகவே 'இணையம் வந்ததும் உடனே அனுப்பப்படும்' என்று செயலி எழுதிக்காட்டுவது காப்பாற்ற முடியாத வாக்கு.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமான சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன், இயந்திரங்களைப் பார்வையிட்டுப் பதிவு செய்யும் பணியாளர்களுக்கான செயலி ஒன்றை எழுதும் குழுவில் இருந்தேன். நகல்களும் அனுப்பாத பதிவுகளும் ஒரே தரவுத்தளத்தில், அடுத்தடுத்த அட்டவணைகளில் இருந்தன. பணியாளர் ஒருவருக்கு, அவர் உள்நுழைந்தவர் என்பதற்குச் சான்றான டோக்கன் காலாவதியாகிவிட்டது. சர்வர் 401 என்று, அதாவது உள்நுழைவு செல்லாது என்று, திருப்பியது. இணையம் சரியில்லாத இடங்களில் பயனரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் நாங்கள் எல்லாத் தோல்விகளையும் 'பிறகு முயல்க' என்றே எழுதியிருந்ததால், செயலி அவரிடம் மறுபடி உள்நுழையச் சொல்லவே இல்லை. இரண்டு நாளில் 14 பதிவுகள். திரையில் பதினான்கும் பச்சைக் குறியோடு முடிந்தவையாகத் தெரிந்தன, ஏனெனில் திரை பார்ப்பது தரவுத்தளத்தை; தரவுத்தளத்தில் அவை முடிந்தவைதான். அன்றிரவு செயலியின் புதிய பதிப்பு தானாக நிறுவப்பட்டது. அதில் ஓர் அட்டவணையில் ஒரே ஒரு நெடுவரிசையைக் கூட்டியிருந்தோம். பழைய அட்டவணையைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வழியை எழுதாமல், பழைய அமைப்பு பொருந்தாவிட்டால் எல்லா அட்டவணைகளையும் அழித்துப் புதிதாகக் கட்டு என்ற ரூமின் வசதியைப் பயன்படுத்தியிருந்தோம். கேச்தானே, திரும்பி வந்துவிடும் என்று கூட்டத்தில் சொன்னவன் நானே. எங்கள் சோதனைக் கைப்பேசிகளில் வரிசை எப்போதும் காலியாகவே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. காலையில் அவர் செயலியைத் திறந்தார், உள்நுழைந்தார், பட்டியல் அழகாக வந்தது, பதினான்கும் முடியாதவையாக வந்தன.

அவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "நேற்று பச்சையா இருந்துச்சே சார், அப்ப அது என்ன?"

அதைவிட மோசமான ஒன்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் உதவி மையத்தில் இருந்தவர்களுக்கு, சிங்க் நிற்கிறது என்று யாராவது அழைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்ற தாள் ஒன்று கொடுத்திருந்தோம். அதன் மூன்றாவது வரி, 'கிளியர் ஸ்டோரேஜ் செய்துவிட்டு மீண்டும் உள்நுழையச் சொல்லவும்.' சொன்னபடி செய்தவர்களுக்கு எல்லாம் சிங்க் சரியாகிவிட்டது. வரிசையே அழிந்துபோனால் நிற்பதற்கு என்ன இருக்கிறது? புகார் தீர்ந்தது என்று பதிவேட்டிலும் எழுதப்பட்டது. அந்தத் தாளில் அந்த வரியை எழுதியது யார் என்று தங்களுக்கு ஊகிக்க முடியும். தங்கள் நாளிதழில் அதே வரியை அச்சில் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதையும்.

அதன் பிறகு நாங்கள் அனுப்பாத பதிவுகளைத் தனித் தரவுத்தளக் கோப்புக்கு மாற்றினோம். அந்தக் கோப்புக்கு அழித்துக்கட்டும் வசதியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பதிப்பு மாற்றத்துக்கும் கையால் வழி எழுதுகிறோம், வரிசை நிறைந்த கைப்பேசியில் வைத்துச் சோதிக்கிறோம். இரண்டு கோப்புகளாகப் பிரித்ததற்கும் ஒரு விலை இருந்தது. எஸ்க்யூலைட்டில், மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் டபிள்யூஏஎல் முறையில் இயங்கும் இரு கோப்புகளில் ஒரே பரிவர்த்தனையாக எழுதினாலும், நடுவில் மின்சாரம் போனால் ஒன்றில் மட்டும் பதிந்து மற்றதில் பதியாமல் போகலாம். எனவே முதலில் வரிசைக் கோப்பில் எழுதி, அது உறுதியான பிறகே நகல் கோப்பைத் தொடுகிறோம். இடையில் அறுந்தால் வரிசையிலிருந்து நகலைச் சரிசெய்துவிடலாம், நகலிலிருந்து வரிசையை மீட்க முடியாது. 401 வந்தால் பயனரிடம் நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். பச்சைக் குறி இப்போது சர்வர் ஒப்புக்கொண்ட பிறகே வரும். அதுவரை சாம்பல் நிறக் கடிகாரம். திரையின் மேல்பகுதியில் '3 பதிவுகள் இன்னும் அனுப்பப்படவில்லை' என்ற எண்ணிக்கை நிற்கும், வெளியேற முயன்றால் அதே எண்ணிக்கையோடு ஒரு கேள்வி வரும். அழகைக் கெடுக்கிறது என்று வடிவமைப்பாளர் வருத்தப்பட்டார். கெடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இருவர் ஒரே பதிவை இரு கைப்பேசிகளில் திருத்தினால் என்ன ஆகும் என்று தங்கள் வாசகர்கள் கேட்கக்கூடும். கடைசியாக வந்ததே வெல்லும் என்று விடுவதுதான் பல செயலிகளின் வழக்கம். முதல் ஆள் எழுதியது சொல்லாமல் மறைந்துவிடும். எந்த வரிசையில் சேர்ந்தாலும் ஒரே முடிவைத் தரும் சிஆர்டிடி என்ற தரவு வகைகளை 2011-இல் ஆய்வாளர்கள் முறையாக வரையறுத்தார்கள். ஒரே ஆவணத்தைப் பலர் சேர்ந்து எழுதும் செயலிகளுக்கு அது பொருத்தமானது. படிவமும் பட்டியலும் உள்ள சாதாரணச் செயலிக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. நான் பார்த்த பதிப்பு எண் இது என்று திருத்தத்தோடு சேர்த்து அனுப்பி, அதற்குள் பதிப்பு மாறியிருந்தால் சர்வர் 412 என்று மறுத்து, இரண்டையும் பயனர் முன் வைத்தால் போதும். மொத்த ஒத்திசைவையும் ஒரு நிறுவனத்தின் சேவையிடம் ஒப்படைத்துவிடலாமே என்போரும் உண்டு. மாங்கோடிபி நிறுவனம் தன் ரியல்ம் தரவுத்தளத்துக்கான சிங்க் சேவையை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்தியபோது, அதை நம்பிச் செயலி கட்டியவர்களுக்கு ஓராண்டுதான் அவகாசம் இருந்தது.

இணையதளத்தையே செயலி போல வடிவமைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உலாவிக்குள் இருக்கும் இன்டெக்ஸ்ட்டிபி போன்ற சேமிப்பை, பயனர் அந்தத் தளத்தைத் தொடாமல் உலாவியை ஏழு நாள் பயன்படுத்தினால், சஃபாரி 2020 முதல் தானாகவே அழித்துவிடுகிறது. முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்ட தளங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே பயனர் பொத்தானை அழுத்தக்கூட வேண்டியதில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அந்தக் குறிப்பைப் பலர் கத்தரித்து வைத்திருப்பார்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருப்பார்கள். ஆகவே அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றாக இருக்கும்: 'கிளியர் ஸ்டோரேஜ் அழுத்துவதற்கு முன், அல்லது செயலியை நீக்குவதற்கு முன், இணையத்தில் இணைந்து, செயலியைத் திறந்து, அனுப்பப்படாமல் நிற்பது ஏதேனும் உண்டா என்று பாருங்கள்; கடிகாரக் குறியோ 'பெண்டிங்' என்ற சொல்லோ தெரிந்தால் அழுத்தாதீர்கள்; அப்படி எதையும் காட்டாத செயலியாக இருந்தால், கடைசியாகப் பதிந்ததை வேறொரு கைப்பேசியிலோ கணினியிலோ அதே கணக்கில் நுழைந்து, அங்கே தெரிகிறதா என்று சரிபார்த்த பிறகு அழுத்துங்கள்.'

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கைப்பேசிச் செயலி உருவாக்குநர்